போறணை இல்லாத வீட்டில் பண்டிகைப் பலகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி, சரஸ்வதி பூசை, நத்தார் (கிறிஸ்மஸ்) நெருங்கும்போது ஒரே கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒற்றைக் காஸ் அடுப்போடு புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் கேட்கிறார்கள். பனி கொட்டும் நாடுகளில் இருந்துகொண்டு அம்மாவின் கைப்பதத்தைத் தேடுபவர்களும் கேட்கிறார்கள். நான் செய்து பார்த்துக் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

போறணை இல்லாமல், கேக் அடிக்காமல் பண்டிகைப் பலகாரம் நிறைவாக இருக்குமா?

இருக்கும். வெதுப்பும் அடுப்பைக் குறிக்கும் போறணை என்ற சொல்லே போர்த்துக்கேயரோடு வந்ததுதான். நமது பலகாரங்கள் வறுத்து, இடித்து, அவித்து, பாகு காய்ச்சி, எண்ணெயில் பொரித்து வளர்ந்தவை. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாமல் பல ஆண்டுகள் போயின. குப்பி விளக்கின் வெளிச்சத்தில், விறகடுப்பில் அம்மா எள்ளு வறுத்த மணம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அந்த ஆண்டுகளிலும் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் தட்டம் வெறுமையாக இருந்ததில்லை.

போறணை செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். பொருளின் ஈரத்தை விரட்டுகிறது. பிறகு நிறமும் மணமும் ஏற்றுகிறது. இந்த இரண்டையும் தாச்சி (வாணலி) செய்யும். ஆகவே உங்கள் கவனம் முழுவதும் வறுவலில் இருக்கட்டும். இனி வரும் பதில்களில் வறுவல் திரும்பத் திரும்ப வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

அடுப்பே மூட்டாமல் செய்யக்கூடியது என்ன?

அவலும், பால் காய்ச்சுவதை விட்டால் பிஸ்கட் புடிங்கும். இரண்டிலும் சமையல் வேலை முன்பே முடிந்துவிட்டது: நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்தே அவலாக்குகிறார்கள், பிஸ்கட் வெதுப்பப்பட்டே வருகிறது. ஆனால் கோதுமை மாவை வறுக்காமல் சீனியும் பட்டரும் சேர்த்து உருட்டும் முறைகள் சிலவற்றை இப்போது காண்கிறேன். அதைச் செய்யாதீர்கள். பச்சை மாவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். வறுத்து ஆறவைத்த மா என்றால் தடையில்லை.

முதன்முதலாகச் செய்பவர் எதில் தொடங்கலாம்?

எள்ளுருண்டையில். பாகு வேண்டாம், நெய் வேண்டாம், கம்பிப் பதம் பார்க்கும் பயமும் வேண்டாம். 250 கிராம் எள்ளு, 150 கிராம் பனங்கட்டி, 4 ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான்.

எள்ளைக் கழுவுவதில் அவசரப்படாதீர்கள். எள்ளோடு வரும் மணல் கண்ணுக்குத் தெரியாது, பல்லுக்குத்தான் தெரியும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கையால் கலக்கி, மேலே மிதப்பதை வேறொரு பாத்திரத்துக்குச் சரித்துச் சரித்து அரித்தெடுங்கள். அடியில் மணல் தங்கும். மூன்று முறை செய்தால் போதும். பிறகு துணியில் பரப்பி நன்றாகக் காயவையுங்கள்.

அடி தடித்த தாச்சியில், இளநெருப்பில், கை விடாமல் வறுக்க வேண்டும். எள்ளு முதலில் கனமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையும். ஈரம் போகப் போக உதிரியாகி, அகப்பை பட்டதும் ஓடும். பிறகு வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு மும்முரமாகி அடங்கத் தொடங்கும் நேரத்தில் இறக்கி, உடனே சுளகிலோ தட்டத்திலோ கொட்டிவிடுங்கள். தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் தொடர்ந்து வறுபட்டுக் கசந்துபோகும். கறுப்பு எள்ளில் நிறம் பார்த்துப் பதம் சொல்ல முடியாது என்பதால், இரண்டு எள்ளை விரலால் நசுக்கிப் பாருங்கள். தூளாக நொறுங்கி நல்லெண்ணெய் மணம் வந்தால் சரி.

ஆறியபின் இடியுங்கள். எள்ளின் நிறையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். இடிக்க இடிக்க அந்த எண்ணெய் கசிந்து தூள் பளபளக்கும். அப்போது பனங்கட்டியைச் சீவிச் சேர்த்து இன்னும் கொஞ்சம் இடித்தால், பிடித்தால் பிடிபடும் பதம் வரும். சில வீடுகளில் வறுத்த உழுத்தம் மாவும் ஒரு கைப்பிடி சேர்ப்பார்கள். அது எண்ணெய்த் தன்மையைக் கொஞ்சம் அடக்கும். எனக்குத் தனி எள்ளே பிடிக்கும்.

உரலும் உலக்கையும் இல்லை. கிறைண்டரில் போடலாமா?

போடலாம். ஆனால் தொடர்ந்து ஓடவிடக் கூடாது. சூடேறி எள்ளு விழுதாகிவிடும். இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, கரண்டியால் கிளறி, மீண்டும் ஓட்டுங்கள். பனங்கட்டியை முன்கூட்டியே சீவி வைத்துக் கடைசிச் சுற்றில் மட்டும் சேருங்கள். விழுதானாலும் வீண்போகாது, வறுத்த உழுத்தம் மாவோ பயற்றம் மாவோ சேர்த்து இறுக்கி உருட்டிவிடலாம்.

பயற்றம் பணியாரத்தைப் பொரிக்காமல் சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் சிறுவயதில் அடுப்படியில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். அரிசிமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் போடுவதற்கு முன் வரிசையாக உருட்டி வைத்திருக்கும் உருண்டைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெரியும், சுவை முழுவதும் அதற்குள்ளேதான் இருக்கிறது என்று. உள்ளே இருக்கும் அந்த உருண்டை முழுமையாகச் சமைக்கப்பட்ட பலகாரம். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பயற்றை இளநெருப்பில் பொன்னிறம் தாண்டி இலேசான செம்மை வரும்வரை வறுக்க வேண்டும். அரை கிலோவுக்கு இருபது நிமிடமாவது ஆகும். வெளியே நிறம் வந்து உள்ளே பச்சையாக இருப்பதே இதில் வழக்கமான பிழை. ஒரு பயற்றைக் கடித்துப் பாருங்கள். நடுவிலும் மொறுமொறுப்பாக உடைய வேண்டும். கடிக்கையில் பச்சைப் பருப்பின் வாடை இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் நெருப்பில் இருக்கட்டும். ஆறியதும் உடைத்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கி மாவாக அரைத்து அரித்துக்கொள்ளுங்கள். மில்லில் கொடுத்து அரைப்பவர்கள் காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. ஒரு முறை எங்கள் பயற்றம் மா மிளகாய்த்தூள் அரைத்த மெசினிலேயே அடுத்ததாக அரைபட்டு வந்தது. இரண்டு கிலோ மாவையும் இனிப்புக்குப் பயன்படுத்த முடியாமல் போனது.

250 கிராம் மாவுக்கு 200 கிராம் சர்க்கரை (கரும்பு வெல்லம்), அரை மூடித் தேங்காய்ப்பூ, ஒரு தேக்கரண்டி மிளகும் சீரகமும் சேர்ந்த தூள், ஏலக்காய். தேங்காய்ப்பூவை எண்ணெய் விடாமல் பொன்னிறமாக வறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரையைக் கால் கோப்பை தண்ணீரில் கரைத்து வடிகட்டி, விரலிடையே ஒரு கம்பி இழுபடும்வரை காய்ச்சுங்கள். பாகு முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருட்டுங்கள். ஆறிவிட்டால் பிடிபடாது.

எள்ளுருண்டைக்குத் தேவைப்படாத பாகு இதற்கு மட்டும் ஏன் வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பயற்றில் எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். தன்னைத் தானே பிடித்துக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. பாகுதான் பிடிக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தால் கையில் இருக்கும் எந்தப் பொருளையும் உருண்டையாக்கலாம். கச்சானும் (நிலக்கடலை) எள்ளைப் போல நெய்ப்பற்று மிகுந்தது, இடித்தாலே பிடிபடும். உழுத்தம் மா, பயற்றம் மா, றவை போன்றவற்றுக்குப் பாகோ நெய்யோ வேண்டும்.

உருண்டை உதிர்கிறது, அல்லது கல்லாகிறது. ஏன்?

உதிர்ந்தால் பாகு குறைவு அல்லது கலவை ஆறிவிட்டது. தாச்சியில் இலேசாகச் சூடாக்கி, ஒரு மேசைக்கரண்டி சூடான நெய் விட்டு உருட்டிப் பாருங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், அன்றைக்கு உருளும், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும்.

கல்லானால் பாகு முற்றிவிட்டது. ஒரு கம்பிப் பதத்தைத் தாண்டி, தண்ணீரில் விட்டால் உருட்டக்கூடிய பதம் 112 முதல் 116 பாகை செல்சியசில் வரும். அதையும் தாண்டினால் ஆறும்போது இறுகிவிடும். வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு துளி விட்டுப் பாருங்கள்.

சர்க்கரை, சீனி, பனங்கட்டி: எதை எதற்கு?

எங்கள் ஊரில் சர்க்கரை என்றால் கரும்பு வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. தமிழ்நாட்டு வாசகர்கள் இதை மாற்றிப் புரிந்துகொண்டு அளவைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

பனங்கட்டி கருப்பநீரை (பதநீரை) காய்ச்சி எடுப்பது. பாளையிலிருந்து இறங்கும் நீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். பனையோலைக் குட்டானில் வரும் பனங்கட்டிக்குப் புகையும் இலேசான கார்ப்பும் கலந்த ஒரு மணம் உண்டு. எள்ளோடு அது சேரும்போது வரும் சுவைக்கு எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன். சந்தையிலும் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களிலும் வாங்கலாம். பாகு காய்ச்சுவதாக இருந்தால் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். நாரும் தூசும் இருக்கும். நிறம் வெளுப்பாக வேண்டிய றவை லட்டுக்கும் தேங்காய்ப்பூ ரொபிக்கும் சீனி.

பனங்கட்டி என்றால் நீரிழிவுக்காரர் சாப்பிடலாம்தானே?

இல்லை. இந்த நம்பிக்கை எங்கள் வீடுகளில் மிக ஆழமாக இருக்கிறது, எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். பனங்கட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான். சீனியில் இருப்பதும் அதுவே. குருதியில் குளுக்கோசின் அளவு ஏறும். தாத்தாவுக்குச் சிறிய எள்ளுருண்டையாக ஒன்று உருட்டிக் கொடுங்கள், அவருடைய மருத்துவர் சொன்ன அளவுக்குள் கொடுங்கள். "பனங்கட்டிதானே" என்று நான்கைக் கையில் வைக்காதீர்கள்.

பிஸ்கட் புடிங் எப்படிச் செய்வது? என்னுடையது கூழாகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் வாழும் குருநகரிலும் பாசையூரிலும் இளவாலையிலும் நத்தாருக்குப் போனால் இது கிடைக்கும். இப்போது தீபாவளிக்கும் செய்கிறார்கள். 200 கிராம் பட்டர், 200 கிராம் ஐசிங் சீனி, 50 கிராம் கொக்கோத் தூள், வனிலா ஒரு தேக்கரண்டி, மாரி பிஸ்கட் இரண்டு பக்கெட், ஒரு கோப்பை பால். பட்டரையும் சீனியையும் வெளுத்துப் பஞ்சாகும்வரை அடித்து, கொக்கோவை அரித்துச் சேருங்கள். பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து ஒரு அடுக்கு, மேலே கலவை ஒரு அடுக்கு என்று மாறி மாறி வைத்து, ஆறு மணிநேரம் குளிர்சாதனப் பெட்டியில் விடுங்கள்.

கூழாவதற்குக் காரணம் தோய்க்கும் நேரம். ஒன்று, இரண்டு என்று எண்ணி எடுத்துவிடுங்கள். பாலும் சூடாக இருக்கக் கூடாது. காய்ச்சி நன்றாக ஆறவைத்த பால் வேண்டும். பச்சை முட்டை அடித்துச் சேர்க்கும் பழைய முறையை நான் விட்டுவிட்டேன். போறணைக்குப் போகாத பலகாரத்தில் பச்சை முட்டைக்கு இடமில்லை.

குளிர்சாதனப் பெட்டி இல்லை, அல்லது மின்சாரம் நிற்கிறது. அப்போது?

அப்போது பிஸ்கட் புடிங்கை விட்டுவிடுங்கள். பட்டர் உருகும் சூடு ஏறத்தாழ 32 முதல் 35 பாகை. நமது மத்தியான வெயில் அதன் வாசலில்தான் நிற்கிறது. 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது பலர் பட்ட அனுபவம் இது.

அதற்குப் பதிலாகக் கடற்பாசி. கடையில் வெண்ணிற இழைகளாக விற்பது. விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் நமது வெக்கையிலேயே இளகும். கடற்பாசியோ 40 பாகைக்குச் சற்றுக் கீழே உறைந்து, பிறகு 85 பாகை வரை உருகாது. குளிர்சாதனப் பெட்டியே தேவையில்லை. விரத நாளுக்கும் ஏற்றது. 10 கிராம் கடற்பாசியை அரைமணிநேரம் ஊறவிட்டு, 600 மில்லிலீற்றர் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்கவையுங்கள். 150 கிராம் பனங்கட்டி கரைத்து வடித்து, 200 மில்லிலீற்றர் கட்டித் தேங்காய்ப்பால் விட்டு ஒரு முறை சூடேற்றித் தட்டத்தில் ஊற்றுங்கள். தட்டத்தைத் தண்ணீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் வைத்தால் விரைவாக உறையும். தேங்காய்ப்பால் சேர்ந்ததால் உறைந்த ஒரு மணிநேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

றவை லட்டுக்கு ரின்பால் (இனிப்பூட்டிய கெட்டிப்பால்) விடலாமா?

விடலாம், ருசியாக இருக்கும், ஆனால் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். நெடுநாள் வைக்க வேண்டுமென்றால் 250 கிராம் றவையை 50 கிராம் நெய்யில் மணம் வரும்வரை வறுத்து, 200 கிராம் பொடித்த சீனியும் வறுத்த கஜூவும் (முந்திரி) பிளம்சும் (உலர்ந்த திராட்சை) சேர்த்து, தேவையான அளவுக்குச் சூடான நெய் விட்டே பிடியுங்கள்.

சரஸ்வதி பூசைக்கு அவல் குழைந்துவிடுகிறது.

ஊறவைக்கிறீர்கள், அதுதான் பிழை. மெல்லிய அவல் என்றால் அரிதட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி வடித்தாலே போதும். தடித்த சிவப்பு அவலுக்குப் பத்து நிமிடம். 250 கிராம் அவலுக்கு 100 கிராம் சீவிய சர்க்கரை, அரை மூடித் தேங்காய்ப்பூ, ஏலக்காய். சர்க்கரை இளகித் தண்ணீர் விடும் என்பதால் அவலைக் கொஞ்சம் விறைப்பாகவே விடுங்கள். வாழைப்பழத்தைப் படைப்பதற்குச் சற்று முன் வெட்டிச் சேருங்கள்.

பழைய கச்சான் இருக்கிறது. வறுத்தால் சரியாகிவிடுமா?

நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சண வாடை வரும் கச்சானை வெளியே கொட்டுங்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிப்பது. வீட்டு வறுவலில் முழுதாக அழியாது.

இந்த வருடம் எங்கள் வீட்டில் ஓர் இழப்பு. தாச்சி வைக்கக் கூடாது என்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

பலகாரம் சுடுவது என்றுதான் நாம் சொல்கிறோம். திருமண வீட்டில் பலகாரச் சூடு என்று நாள் பார்த்து எண்ணெய்த் தாச்சி வைக்கிறோம். அதனால் துயர் நடந்த வீட்டில் ஆண்டுத் திவசம்வரை அந்தத் தாச்சி ஏறுவதில்லை. அயலவரும் உறவினரும் தங்கள் வீட்டுப் பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பொரிக்காதது தானே என்று எள்ளுருண்டை பிடிப்பதை ஏற்கும் வீடுகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். அவர் மனம் நோகாமல் இருப்பது பலகாரத்தைவிட முக்கியம். பக்கத்து வீட்டில் இப்படி ஓர் ஆண்டு நடக்கிறது என்று தெரிந்தவர்கள் தங்கள் உருண்டையில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இன்னும் கொஞ்சம் கூட.

எத்தனை நாள் இருக்கும்? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

எள்ளுருண்டை ஈரமில்லாத, காற்றுப் புகாத போத்தலில் மூன்று கிழமை. தேங்காய்ப்பூ சேர்த்த பயற்றம் உருண்டை, பூவை நன்றாக வறுத்திருந்தால் ஒரு கிழமை. அனுப்புவதாக இருந்தால் தேங்காயை விட்டுச் செய்யுங்கள். பாலும் பச்சைத் தேங்காயும் சேர்ந்தவற்றை நமது வெக்கையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் வெளியே வைப்பது நல்லதல்ல. உணவுப் பொருளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதி. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் கொண்டுவரும் உணவை அறிவித்தே ஆக வேண்டும். பொதியில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுங்கள்.

சிறுபிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பாகையும் தாச்சியையும் விட்டு மற்ற எல்லாவற்றுக்கும். பிஸ்கட் அடுக்குவது, சர்க்கரை சீவியபின் கட்டி பொறுக்குவது, ஆறிய எள்ளை உருட்டுவது அவர்கள் வேலை. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கச்சான், முழுக் கஜூ கொடுக்காதீர்கள்; தொண்டையில் அடைக்கும். எள்ளும் கச்சானும் சிலருக்கு ஒவ்வாமை தரும், ஆகவே விருந்தினர் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீபாவளிக்கு எப்போது தொடங்க வேண்டும்?

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. நமது மாரி மழையும் அப்போதுதான் பிடிக்கிறது. கழுவிய எள்ளு காயாது, வறுத்த மா ஒரே இரவில் ஈரம் இழுத்துவிடும். ஆகையால் எள்ளையும் பயற்றையும் புரட்டாதி வெயிலிலேயே கழுவிக் காயவைத்துப் போத்தலில் அடைத்துவிடுங்கள். வறுவலைப் பண்டிகைக்கு நான்கு நாள் முன், மழை விட்ட ஒரு முற்பகலில் வையுங்கள். வறுத்தது முழுவதும் ஆறியபின்தான் மூட வேண்டும். இளஞ்சூட்டில் மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகளே மாவைக் கெடுக்கும். எள்ளுருண்டை மூன்று நாள் முன், பயற்றம் உருண்டை இரண்டு நாள் முன், புடிங் முதல் நாள் மாலை, கடற்பாசி அன்று விடிய.